பையில் ஏறிய வாடை

சேலம்

அன்புள்ள கண்ணு,

மலையேறும்போது மழையில் சுமந்த முதுகுப் பை நாறுகிறது, சென்ட் அடித்தும் போகவில்லை என்று எழுதியிருந்தாய். சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் குமட்டும். தோள்பட்டை, இடுப்புப் பட்டை, முதுகு மெத்தை மூன்றையும் தனித்தனியாக மோந்து பார். நைலான் அவ்வளவாக வியர்வை குடிக்காது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச்தான் குடிக்கும், பாக்டீரியா அங்கேதான் பெருகும்.

முதுகுப் பக்கம் விறைப்புக்காகச் செருகியிருக்கும் அலுமினியக் கம்பியை உருவிவிட்டு, 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி என்சைம் சேர்ந்த திரவ சோப்பு கலந்து, ஒரு மணி நேரம் ஊறவை. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், என்சைமும் கெடும், பையின் உள்பூச்சும் கெடும். ஸ்பாஞ்சை முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திவிடு. நுரை வருவது நிற்கும்வரை அலசு. வாடை மிச்சமிருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர், அரை மணி நேரம்.

அதோடு ஆப்பச்சோடாவையும் கொட்டிவிடாதே. பொங்குவதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் நைலானை அரிக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைத் தொடவே தொடாதே.

துவைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய பாடு. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மேல்துணி காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஸ்பாஞ்ச் ஈரமாகவே இருக்கும். அப்படியே அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி இங்கே எடுத்து வா. சேலத்துச் சூட்டுக்கு மாடி நிழலே போதும். ஜிப் எல்லாம் திறந்து, தலைகீழாக, இரண்டு மூன்று நாள் தொங்கட்டும். நேர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும்.

கூடாரம் வேறு கதை. மண்வாடையும் கறுப்புப் புள்ளியும் என்றால் பூஞ்சணம். விரித்துப் போட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சால் துடை. வாடை போனாலும் கறை நிற்கலாம், பரவாயில்லை. வாந்தி மாதிரி புளிச்ச வாடையும் உட்புறம் பிசுபிசுப்பும் இருந்தால், மழை இறங்காமல் துணியில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சே ஈரத்தில் சிதைகிறது என்று அர்த்தம். எந்த சோப்புக்கும் அது மசியாது, மழையும் உள்ளே இறங்கும். ஈரத்தோடு சுருட்டி வைப்பதால் வரும் வினை அது.

குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பைக்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா, அரை மணி நேரம். குழாயிலும் வாய்முனையிலும் அந்தத் தண்ணீர் நிற்கட்டும், அழுக்கு ஒளிவது அங்கேதான்.

வரும்போது கூடாரத்தையும் கொண்டு வா, விரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா