டிரங்குப் பெட்டியும் ஏழு பொத்தான்களும்

கும்பகோணம்

அன்புள்ள ராமமூர்த்திக்கு,

எந்தக் காலத்தவை என்று கேட்டு, பஞ்சில் சுற்றி நீ கொடுத்தனுப்பிய ஏழு பொத்தான்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. குறுவை நன்றாகக் கண்டுமுதல் ஆனது என்று கேட்டதில் மகிழ்ச்சி. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, மூன்று நாளாக உன் பொத்தான்களைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொத்தானின் முகத்தைப் பார்த்ததும் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். உன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஆறும், சோமாசியின் விளிம்பை மடிப்பதுபோல் முன்தகட்டைப் பின்தகட்டின்மேல் மடக்கி, உள்ளே கூடாகச் செய்யப்பட்ட பித்தளைப் பொத்தான்கள். இவ்வாறு இரண்டு தகடுகளைச் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் பெஞ்சமின் சாண்டர்ஸ் என்பவர் 1813-இல் காப்புரிமை பெற்றார். முதுகில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரை மட்டும் நம்பிக் காலம் சொல்லிவிட முடியாது. லண்டனின் ஃபிர்மின் போன்ற பெயர்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே வருகின்றன. ஆனால் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று இருந்தால் அது 1855-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் அங்கே வரையறுத்த பொறுப்புச் சட்டமே வந்தது.

ஆறில் நான்கின் முகத்தில் கிரீடமும் அதன் கீழே 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளும் இருக்கின்றன. கிரீடத்தின் வளைவுகள் நடுவில் குழியாமல், கவிழ்த்த கிண்ணம்போல் உயர்ந்து நிற்பதைக் கவனி: ஏழாம் எட்வர்டு 1901-இல் தேர்ந்தெடுத்து, 1952 வரை இராணுவச் சின்னங்களில் நீடித்த வடிவம் அது. நடுவில் தாழ்ந்த கிரீடம் எலிசபெத் அரசி காலத்தது. 'ஜி' ஜார்ஜைக் குறிக்கும், 'ஆர்' அரசர் என்ற லத்தீன் சொல்லை. கடைசி எழுத்தாகிய 'ஐ', பேரரசர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட 1877-இல் வந்து, ஆறாம் ஜார்ஜ் அப்பட்டத்தைத் துறந்த 1948-இல் போனது. ஆகவே இவை 1910-க்குப் பின் வந்த இரண்டு ஜார்ஜ் மன்னர்களில் ஒருவருடையவை. தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குப் போனார் என்று உங்கள் வீட்டில் சொல்லிவரும் கதையை இவை மறுக்கவில்லை. ஆனால் இவற்றை வைத்து அதை நிரூபிக்கவும் இயலாது. இன்ன ஆண்டுக்கு முன் இது இருந்திருக்க முடியாது என்பதைத்தான் பொத்தான் உறுதியாகச் சொல்லும். எதுவரை அணிந்தார்கள் என்பது தையற்காரருக்கும் வண்ணானுக்கும்தான் வெளிச்சம்.

மற்ற இரண்டும் இராணுவத்தைச் சேர்ந்தவையே அல்ல. அவற்றில் உள்ள 'எஸ்.ஐ.ஆர்.' என்ற எழுத்துகளை ஏதோ ஒரு ரெஜிமெண்டின் பெயர் என்று நீ எழுதியிருந்தாய்; அது திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1951-இல் தெற்கு ரயில்வேயோடு இணைந்த தென்னிந்திய ரயில்வே. பழைய பொத்தான் என்று என்னிடம் வருபவற்றில் ரயில்வே, போலீஸ், அரண்மனைச் சேவகர் உடுப்புகளுடையவை எத்தனையோ! வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் பட்டாளம் என்றே சொல்வார்கள்.

ஏழாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. திருக்கடையூர்ப் பக்கம் வாய்க்கால் தூர்வாரியபோது கிடைத்ததாக எழுதியிருந்தாயே, அந்தத் தட்டையான, சாம்பல் நிறப் பொத்தான். அது ஒரே வார்ப்பில், நூல் கோக்கும் காதோடு சேர்த்து வெள்ளீயக் கலவையில் செய்தது. பிரிட்டிஷ் காலாட்படையில் சாதாரணச் சிப்பாய்க்கு இந்த உலோகந்தான். 1855-இல்தான் பித்தளைக்கு மாறினார்கள். ரெஜிமெண்டின் எண்ணைப் பொத்தானில் பொறிக்கும் வழக்கம் 1767-இல் வந்தது. இதிலோ '7' தெளிவாக இருக்கிறது, அடுத்த இலக்கத்தைக் காணவில்லை. புளியும் செங்கற்பொடியும் போட்டு 'நன்றாக விளக்கி' அனுப்பியிருப்பதாகப் பெருமையோடு நீ எழுதிய வரியைப் படித்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. குத்துவிளக்குக்கு அது சரி, ராமமூர்த்தி. வெள்ளீயம் நகம் பட்டாலே கீறும்.

அந்த ஓர் இலக்கம் எவ்வளவு முக்கியம் என்று பார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் 73-ஆவது, 74-ஆவது ரெஜிமெண்டுகள் இரண்டுமே இருந்தன. இதே 73 என்ற எண் பித்தளையில் இருந்திருந்தால் கதையே வேறு: 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கு ஒரே வரிசையில் எண் கொடுத்தபோது சென்னைப் படைப்பிரிவுகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள், அப்படித்தான் 13-ஆவது சென்னைக் காலாட்படை 73-ஆவது கர்னாடிக் காலாட்படை ஆயிற்று. எண் ஒன்றே என்றாலும் உலோகம் நூறாண்டைத் தள்ளிவைத்துவிடுகிறது. இன்னொன்றையும் மறக்கலாகாது. நம் பக்கத்தில் தரங்கம்பாடியில் 1845 வரை டேனியர், காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக்காரர் இருந்தார்கள். பிரெஞ்சு ரெஜிமெண்டுகளும் எண் பொறித்தவைதாம். ஆதலால் அந்த '7' இங்கிலீஷ்காரனுடையது என்று சத்தியம் செய்யமாட்டேன். செய்முறையை வைத்து அந்தப் பக்கம் சாய்கிறேன், அவ்வளவே.

இங்கே பழைய பாத்திரக் கடையில் உடைசலோடு உடைசலாக எடைக்கு வரும் பொத்தான்களைப் பொறுக்கித்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது என்பது உனக்குத் தெரியும். நான் எடுக்காமல் விட்டவை நாச்சியார்கோவில் பட்டறைகளில் உருகி, யார் வீட்டுக் கூடத்திலோ விளக்காக நிற்கின்றனவோ என்னவோ.

பொத்தான்களை அடுத்த வாரம் மயிலாடுதுறை வரும் என் தம்பி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏழாவதைத் தனியே காகிதத்தில் மடித்திருக்கிறேன். ஈரம் படாமல் வை. உன் அத்தையிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுது: தாத்தா பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தாரா, பார்த்திருந்தால் எந்த ஸ்டேஷனில்?

அன்புடன்,
சீனு