சிறுநீரகம் கொடுத்தவரின் இரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள்

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்தியாவில் நடக்கும் சிறுநீரக மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினரின் கொடையை நம்பியே நடக்கின்றன; கொடுப்பவர்களில் தாய்மாரும் மனைவியருமே மிகுதி. அவர்களுள் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களையும், தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாதவர்களையும் குறித்து எழுதுகிறேன்.

இவர்கள் எவருமே கொடுக்கலாகாது என்று நான் கோரவில்லை. 2004-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மாற்று சிகிச்சை வல்லுநர்களே, 50 வயதைக் கடந்து, மருந்தில் எளிதாகக் கட்டுப்படும் அழுத்தமும், சிறுநீரகத்திற்கு இரத்தத்தை வடிகட்டும் போதிய திறனும் உடையவராய், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியாதவராய் இருப்பவரை ஏற்கலாம் என்றார்கள். ஆயினும் ஏற்கப்பட்டவருக்கு அபாயம் இல்லாமற் போய்விடுவதில்லை. 1999 முதல் 2016 வரை அமெரிக்காவில் சிறுநீரகம் கொடுத்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 24,533 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, 15 ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம், முன்பே உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு 0.8 விழுக்காடு; இல்லாதவர்களுக்கு 0.2 விழுக்காடு. ஆயிரத்தில் எட்டுப் பேர் என்பது சிறிய எண்தான். ஆனாலும் அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே ஒரு தாய் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஒரு சிறுநீரகத்தை எடுத்ததும் பாதியாகும் வடிகட்டும் திறன், எஞ்சியது கூடுதலாக உழைப்பதால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை மீள்கிறது. அந்த உழைப்போடு உயர் அழுத்தமும் சேரும்போது நுண்ணிய வடிகட்டிகள் தழும்பேறுகின்றன. தழும்பேறிய சிறுநீரகம் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இதில் எந்தக் கட்டத்திலும் வலி தெரியாது.

மேலும், 62 வயதில் ஒரே மாத்திரையோடு இருப்பவரைவிட, 28 வயதில் அழுத்தம் எல்லைக்கோட்டில் இருப்பவரைப் பற்றியே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு அவர் இன்னும் 40, 50 ஆண்டுகள் வாழ வேண்டும். பெண்ணானால் பேறுகாலமும் உண்டு: 2015-இல் வெளியான கனடிய ஆய்வில், கொடுத்தபின் கருவுற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகால உயர் அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்தது, கொடுக்காத, உடல்நலமுள்ள பெண்களிடம் அது 5 விழுக்காடு.

ஆகவே, ஓரிரு முறை மட்டும் அளந்துவிட்டு முடிவெடுக்காமல், ஐயத்திற்கிடமான ஒவ்வொருவருக்கும் 24 மணிநேர இரத்த அழுத்தப் பதிவு செய்யுங்கள். மருத்துவமனைப் பதற்றத்தால் மட்டும் ஏறும் அழுத்தமும், அங்கே மறைந்து வீட்டில் ஏறும் அழுத்தமும் அதில்தான் பிரித்தறியப்படும். கணவருக்கோ பிள்ளைக்கோ சிகிச்சையளிக்கும் குழுவைச் சாராத மருத்துவர் ஒருவர், உறவினர் யாரும் உடனிராமல், கொடையாளரிடம் தனியே பேச வேண்டும். மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்திருக்கும் அறையில் எந்தப் பெண்ணும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டாள்.

கொடுத்தபின் கவனிப்பதுதான் இன்னும் முக்கியம். அமெரிக்காவில் ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு முடிவுகளில் கொடையாளரின் நிலையை மருத்துவமனைகள் தெரிவித்தாக வேண்டும். பாதிப்போ பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதால் அதுவும் போதாது என்பேன். நம் மாநிலத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பதிவேட்டில் சிறுநீரகக் கொடையாளர் என்ற குறிப்பைச் சேர்த்து, ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு), சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் கட்டணமின்றி, ஆயுள் முழுவதும் பார்க்க ஆணையிடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் எஞ்சிய சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைத் தமிழில் எழுதிய அட்டையொன்றையும், அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே அவர்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொடையாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்