பழுப்புக் கம்பி

தாம்பரம்
சித்திரை 3

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. செம்புக் கம்பி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் புண். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் இவளுக்கும் சந்தோஷம். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. உன்னைப் பற்றித் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். அப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு நானே வயரிங் மாற்றிவிட்டேன். முன் விளக்கிலிருந்து பின் நம்பர் பிளேட் விளக்கு வரை ஒரு பழைய கம்பி பாக்கி இல்லை.

தை மாதம் செங்கல்பட்டில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். மறைமலை நகர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஊதுபத்தி மாதிரி மெல்லிசாகப் புகை. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, பேட்டரி டெர்மினலை வெறுங்கையாலேயே திருகிக் கழற்றினேன். அந்த நேரத்தில் அந்தத் திருகைக் கையால் மட்டும் இறுக்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஸ்பானர் தேடியிருந்தால் கார் போயிருக்கும். உனக்குத் தெரியுமே, இந்த வண்டியில் ஒரு ஃப்யூஸ்கூடக் கிடையாது. உன் அம்பாசடரில் ரெண்டு ஃப்யூஸாவது உண்டு. இதில் பேட்டரியின் முழுபலமும் நேராகக் கம்பியில் இறங்கும். எங்கேயாவது தகரத்தில் உரசினால், எது மெல்லிசோ அது உருகும்.

மறுநாள் பேட்டரிக் கடையில் கேட்டேன். "ரெடிமேடா ஒரு கிட் போட்டுடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார்கள். கிட்டை வாங்கிப் பார்த்தால் பாதிக் கம்பி சிவப்பு, பாதி கறுப்பு. பின்னால் ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யார் கண்டுபிடிப்பது? சரி, ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிவிட்டது, நாமே பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

அந்தக் காலத்து லூகாஸ் கம்பெனி வயரிங்கில் நிறம்தான் எழுத்து. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் அதில் உயிர் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் மட்டும். வெள்ளை ஒரு ஃப்யூஸைத் தாண்டினால் பச்சை, பழுப்பு தாண்டினால் கத்தரிப்பூ நிறம். ஹெட்லைட்டுக்கு நீலம். அதிலேயே வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். பார்க் லைட்டுக்குச் சிவப்பு, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்துக்குக் கறுப்பு. இதைப் படித்துப் பழகிவிட்டால் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டாலே வண்டி பேச ஆரம்பித்துவிடும். உன் அம்பாசடரிலும் இதே இலக்கணம்தான்.

பழைய கம்பிக் கட்டை ஒரே துண்டாக உருவி மொட்டைமாடியில் விரித்தேன். ஒவ்வொரு முனையிலும் அட்டைச்சீட்டு கட்டி எங்கிருந்து எங்கே என்று பென்சிலில் எழுதிவைத்தேன். அங்கேதான் இவள் வத்தல் காயப்போடுவாள். பத்து நாள் பாதி மாடி எனக்கு, பாதி அவளுக்கு. என் பாதியில் ஒரு நாள் கூழ்வடாம் பிழியப்பட்டிருந்தது. பேசாமல் கம்பியை நகர்த்திக்கொண்டேன்.

டேப்பை உரிக்க உரிக்க ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு மெக்கானிக்கின் கைவரிசை. ஓரிடத்தில் பழுப்பு முடிந்து வீட்டு வயரிங் கம்பி தொடங்குகிறது, அதுவும் ஒற்றைக் கம்பி. கார் அதிர்வுக்கு ஒற்றைக் கம்பி நிற்காது, பல இழை சேர்ந்ததுதான் வளைந்து கொடுக்கும். இன்னோரிடத்தில் ஸ்பீக்கர் கம்பியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கடுக்காக எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், புகை வந்த இடம் வரும் வரைக்கும்.

அது நம் கம்பி, மாப்பிள்ளை. 1983இல் கொடைக்கானல் போவதற்கு முதல் நாள் ராத்திரி நீயும் நானும் டார்ச் வெளிச்சத்தில் பாட்டுப்பெட்டி மாட்டினோமே, அதற்கு இழுத்த கம்பி. பழுப்புக் கம்பியைப் பிளேடால் சுரண்டி, மேலே இதைச் சுற்றி, டேப் ஒட்டி விட்டிருக்கிறோம். பெட்டி எப்போதோ கழன்று போயிற்று. கம்பி போகவில்லை. நாற்பது வருஷமாக உயிரோடு டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டேப்பின் பசை வெயிலில் இளகி முனை வெளியே வந்து தகரத்தைத் தொட்டிருக்கிறது. ஊர் மெக்கானிக்குகள் எல்லாரிடமும் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உன் சார்பிலும்.

புதுக் கம்பி வாங்கியதில் ஒரு கணக்கு இருந்தது. பழைய வரைபடத்தில் 14/.012 என்று போட்டிருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிமனில் பதினாலு இழை என்று அர்த்தம். கணக்குப் போட்டால் சுமார் 1 சதுர மில்லிமீட்டர். 28 இழை என்றால் 2, 44 இழை என்றால் 3க்குக் கொஞ்சம் மேலே. கடையில் 1, 1.5, 2.5, 4 என்று கிடைக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு படி பெரிதாக எடுத்தேன். கோடு போட்ட நிறங்களுக்குத்தான் சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மூன்று நாள் அலைச்சல்.

ஆனால் போகிற கம்பியைவிட என்னை அதிகம் படுத்தியது திரும்பி வருகிற வழி, எர்த். ஹெரால்டின் உடம்பு ஒரே துண்டு இல்லை. தனித்தனித் துண்டுகளை சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின்மேல் வைத்து போல்ட் போட்டுச் சேர்த்தது. விளக்கிலிருந்து திரும்பும் கரண்ட் ஒவ்வொரு போல்ட்டையும் தாண்டி பேட்டரிக்கு வரவேண்டும். ஐம்பது அறுபது வருஷத் துரு அந்தப் போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அதன் கூட்டுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். 1.4 வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் போகவேண்டிய 12இல் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். ராத்திரியில் ரோடு தெரியவில்லை என்று கண் டாக்டரிடம் வேறு போய் வந்தேன்! இப்போது ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்புக் கம்பி தனியாக வருகிறது, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பின்னல் பட்டையும் போட்டாயிற்று. அதே இடத்தில் இப்போது 0.1 வோல்ட்.

அப்புறம் பானெட். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழும் அந்த பானெட்டுக்காகத்தானே காலேஜில் கூட்டம் கூடும்? திறந்து மூடும்போதெல்லாம் கீல் பக்கத்தில் கம்பி மடங்கி நிமிர்ந்திருக்கிறது. மேலே தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே இழை பாதிக்கு மேல் அறுந்திருக்கிறது. அங்கே மெல்லிய இழைக் கம்பி போட்டு, ஒரு சுற்று தளர்வாக விட்டேன்.

ஹெட்லைட்டின் முழுக் கரண்ட்டும் ஸ்டீயரிங் பக்கத்துக் குட்டி சுவிட்ச் வழியாகப் போகக்கூடாது என்று இரண்டு ரிலே வைத்தேன், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. இந்த வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதனால் ஒரே பக்கம் மட்டும் கரண்ட் விடும் டயோடு உள்ளே இல்லாத ரிலேயாகத் தேடவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எஞ்சினியரிங் படிக்கிறான், எட்டிப்பார்த்துவிட்டு, "அங்கிள், பேட்டரியை மாத்திப் போட்டிருக்கீங்க" என்று ஓடிவந்தான். நல்லவேளை, ஸ்பானர் என் கையில் இருந்தது. நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை. அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹாலோஜன் பல்பும் போடவில்லை. வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்ப், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால். பழைய 45 வாட் பல்புகளே இப்போது கண்ணைக் கூசுகின்றன.

ஃப்யூஸ் பெட்டியும் வைத்தாயிற்று. உன் வண்டிக்கு ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இப்போது கடையில் கிடைப்பவற்றில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35 என்று கேட்டு வாங்கிப் போட்டால் ஃப்யூஸ் பத்திரமாக இருக்கும், கம்பி எரியும்.

கடைசியில் பேட்டரியை நேராக இணைக்கப் பயம். நடுவில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக மாட்டினேன். எங்கேயாவது ஷார்ட் என்றால் பல்ப் பளிச்சென்று எரியும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வந்தேன். பார்க் லைட்டுக்கு வந்ததும் வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை, இந்த பல்ப் மட்டும் சூரியன் மாதிரி! நம்பர் பிளேட் விளக்கின் மூடிக்கடியில் கம்பியை நசுக்கி வைத்து ஸ்க்ரூ முறுக்கியிருந்தேன். நான்தான், வேறு யாருமில்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி இவளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு வண்டலூர் வரை போய் வந்தோம். "இந்தக் கார் இங்கேதான் பிறந்தது" என்று அந்த ஸ்டாண்டர்ட் ஆலை இருந்த பக்கத்தைக் காட்டினேன். சின்னது பாப்கார்ன் கேட்டது.

வைகாசியில் உன் தங்கை மகன் கல்யாணத்துக்குக் காரைக்குடிக்கு இந்த வண்டியிலேயே வருகிறோம். விழுப்புரத்திலும் திருச்சியிலும் நிறுத்தி நிறுத்தித்தான். அந்தப் பாட்டுப்பெட்டி உன் வீட்டுப் பரணில்தான் கிடக்கவேண்டும், கடைசியாக வாங்கிப்போனது நீதான். தேடி வை, ஆனால் பரணில் நீ ஏறாதே, பையனை ஏறச் சொல். அதன் கூடு நெகட்டிவ் என்பதால் அன்று சைக்கிள் டியூப்பைக் கத்தரித்து தகரத்தில் படாமல் தொங்கவிட்டோமே, அந்த டியூப் துண்டுகளும் கிடைத்தால் எடுத்துவை. இந்த முறை கத்தரிப்பூ நிறக் கம்பி, நடுவே 5 ஆம்ப் ஃப்யூஸ். மாட்டும்போது நீ டார்ச் மட்டும் பிடித்தால் போதும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். இவள் கூழ்வடாம் ஒரு டின் அனுப்புகிறாள், கம்பித் துண்டு எதுவும் இல்லை என்று நானே பார்த்துவிட்டேன்.

உன் பழைய அறைத்தோழன்