பூங்காச் சருகும் ஆறுமணிக்குருவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் யார் வீட்டுக்குள்ளாவது வந்து விழுந்த ‘பல வண்ண அபூர்வப் பறவை’யின் படம் ஆண்டுதோறும் செய்தியாகிறது. பெரும்பாலும் அது ஆறுமணிக்குருவிதான், அபூர்வமும் அல்ல. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வரும் இப்பறவை, களைப்பாலும் விளக்கொளியில் திசை தடுமாறியும் இப்படி விழுந்துவிடுகிறது. பிழைத்து எழுந்த பறவைக்கு அதன்பின் இங்கே இரை கிடைக்குமா என்பதே என் கவலை.

ஏறத்தாழ 19 செ.மீ. நீளமும் கட்டை வாலும் கொண்ட ஆறுமணிக்குருவி, இரவில் மரத்தில் அடைந்தாலும் இரை தேடுவது தரையில்தான். புதர் நிழலில் தத்திச் சென்று, அலகால் சருகுகளைப் புரட்டித் தள்ளி, அடியிலுள்ள புழு பூச்சிகளைக் கொத்தித் தின்னும். பச்சை முதுகும் அடிவயிற்றுச் சிவப்பும் கொண்ட பறவைதான் என்றாலும், அசையாமல் நின்றுவிட்டால் கண்ணில் படாது. காலையிலும் மாலையிலும் எழுப்பும் இரட்டைச் சீழ்க்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கிண்டி தேசியப் பூங்காவிலும் கோடியக்கரையிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஊர்ப் பூங்காக்களிலும் கோயில் காடுகளிலுமோ தூய்மைப் பணி என்ற பெயரில் புதர்களை வெட்டி, சருகைக் குவித்துக் கொளுத்தி, எஞ்சிய மண்ணிலும் கல் பதித்துவிடுகிறார்கள். மரங்கள் நிற்பதால் பசுமை குறைந்ததாக யாருக்கும் தோன்றுவதில்லை. இப்பறவைக்கோ பந்தியில் இலையையே உருவிவிட்ட கதைதான்.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் உள்ள பறவை அல்ல என்பது உண்மை. ஆனால் அந்த விளிம்புக்கு வரும்வரை காத்திருப்பதைவிட, அதிகச் செலவில்லாத இரண்டு காரியங்களை உள்ளாட்சி அமைப்புகள் இப்போதே செய்யலாம்: ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையை அக்டோபர் முதல் ஏப்ரல் வரையாவது கூட்டாமல் விடுவது, வலசைக் காலத்தில் உயரமான கட்டடங்களின் அலங்கார விளக்குகளை நள்ளிரவுக்கு முன்பே அணைக்கச் சொல்வது.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இனி அந்தப் படத்தை வெளியிடும்போது, விழுந்த பறவையைக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைக்க வேண்டும், வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளிந்ததும் புதர் நிறைந்த இடத்தில் விட வேண்டும், காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கீழே நான்கு வரியில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்