முதல் நாள் ஊசியும் ஆறாம் மாத மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி மாத்திரைக்கு அடிமையாகும் இளைஞர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். எச்சரிக்கை தேவைதான். ஆனால் மார்பின், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபினைப் போல் வேலை செய்யும்) வலி மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தொடவே கூடாத விஷம் என்று எழுதியிருப்பதை, விபத்துப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியான என்னால் ஏற்க முடியவில்லை.

தொடை எலும்பு முறிந்து அலறிக்கொண்டு வருபவருக்கு டாக்டர் மார்பின் எழுதினால், கூட வந்தவர்கள் ஓடி வருவார்கள். “அது வேண்டாம் சிஸ்டர், பழக்கமாயிடும்.” எங்களுக்கும் பூட்டிய அலமாரியைத் திறந்து பதிவேட்டில் கணக்கு எழுதுவது தொல்லை. டாக்டரிடம் சொல்லி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பென்டசோசின் ஊசியை மாற்றி எழுத வைத்துப் போட்டுவிட்ட இரவுகள் உண்டு. அதுவும் ஓபியாய்டு வகைதான். ஆனால் மார்பின் சாந்தப்படுத்தும் ஏற்பியை (நரம்பணுவில் மருந்து போய் ஒட்டும் இடம்) விட்டு வேறொன்றைத் தூண்டுவதால், சிலருக்குக் கெட்ட கனவும் பிரமையும் வரும். அந்த இரவுகள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

வலி என்பது அந்த நேரத்தோடு முடிகிற சங்கதி அல்ல. அடிபட்ட கணத்தில் மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் என்ற பதற்ற ரசாயனம் பொங்கி, அந்தக் காட்சியை மூளையின் பய மையமான அமிக்டலாவில் ஆழப் பதிக்கிறது. பிறகு ஹாரன் சத்தமோ டீசல் வாடையோ போதும், உடம்பு விபத்துக்குத் திரும்பிப் போய்விடும். மார்பின் வலியோடு இந்தப் பொங்குதலையும் அடக்குகிறது. ஈராக்கில் காயம்பட்ட 696 அமெரிக்கப் படையினரைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளியானது. பின்னாளில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (PTSD) வந்தவர்களில் 61 சதவீதம் பேருக்குத் தொடக்கச் சிகிச்சையில் மார்பின் கிடைத்திருந்தது. வராதவர்களிடம் அது 76 சதவீதம். மார்பின்தான் காத்தது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஊசியைத் தடுக்கும் உறவினருக்கு இதைச் சொல்லலாம்.

உடம்பும் தன் பங்குக்கு இதையே செய்து பார்க்கிறது. 1990இல் வெளியான ஒரு சோதனையில், இந்நோயுள்ள எட்டு வியட்நாம் வீரர்களுக்குப் போர்க்காட்சிப் படம் காட்டினார்கள். பார்த்தபின் அவர்கள் சொன்ன வலியின் அளவு 30 சதவீதம் குறைந்தது. ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் கொடுத்துவிட்டுக் காட்டியபோது குறையவில்லை. பயம் வந்ததும் மூளை தன் சொந்த மார்பினை ஊற்றிக்கொள்கிறது!

அதே மருந்தை மாதக்கணக்கில் விழுங்கினால் கதை தலைகீழ். அடக்கி வைத்த நார்அட்ரினலின், மருந்து இறங்கும் ஒவ்வொரு வேளையும் சீறி எழும். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல். பாதிக்கப்பட்டவர் பழைய பயம் திரும்பிவிட்டதாக நினைத்து அடுத்த மாத்திரையைத் தேடுவார். இந்த நிறுத்தல் அவஸ்தைக்கு ரத்த அழுத்த மருந்தான குளோனிடினைக் கொடுப்பதும் அந்தச் சீற்றத்தைத் தணிக்கத்தான். இதில் ஒரு கொடுமை: வலியோடு வந்த முன்னாள் அமெரிக்கப் படையினரில் மனநோய் எதுவும் இல்லாதவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு ஓபியாய்டு எழுதப்பட்டிருக்க, இந்நோய் உள்ளவர்களில் அது 17.8 சதவீதம் என்று 2012இல் வந்த ஆய்வு சொன்னது. யார் கையில் ஆபத்தோ அவர்கள் கையிலேயே அதிகம்.

ஆகவே உங்கள் கட்டுரையாளர் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, யாரிடம் திரும்பக் காட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா? என் சித்தி மகனுக்கு பைக் விபத்துக்குப் பின் தந்த சீட்டில் “வலித்தால் சாப்பிடவும்” என்று மட்டுமே இருந்தது. அதே சீட்டைக் காட்டி ஆறு மாதம் டிரமடால் வாங்கியிருக்கிறான். கால் இன்னுமா வலிக்கிறது என்று கேட்டேன்.

“வலி போயி நாலு மாசமாச்சுக்கா. இது இல்லாட்டி கண்ணை மூடவே பயமா இருக்கு.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.