இரண்டு காருக்கும் ஒரே உரிமையாளர்: விபத்துக் காப்பு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உள்ளன, இரண்டின் ஆர்.சி.யும் என் பெயரில்தான் இருக்கின்றன. பழைய காரை நான் ஓட்டுகிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய இரண்டாவது காரை ஓட்டுவது என் மகன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வேலைக்குப் போய் வருகிறான். பணம் போட்டவர் பெயரில் வண்டி, ஓட்டுவது பிள்ளை என்பது எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் உள்ள வழக்கம்.

சென்ற மாதம் இரண்டு பாலிசிகளையும் புதுப்பித்த பிறகு, தாள்களை அருகருகே வைத்து வரி வரியாகப் படித்தேன். உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு, அதாவது வண்டியின் உரிமையாளர் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கிடைக்கும் தொகை, 15 லட்சம் ரூபாய் என்று இரண்டிலும் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனியே பிரீமியம் வாங்கியிருந்தார்கள். நாமினி என்ற இடத்தில் இரண்டிலும் என் மனைவியின் பெயர். என் மருமகளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஒரே உயிருக்கு இரண்டு முறை பணம் கட்டிவிட்டு, நாள்தோறும் சாலையில் இருக்கும் மகனுக்கு ஒரு பைசா காப்பும் எடுக்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தக் காப்புத் தொகை முன்பு காருக்கு 2 லட்சமாகவும் இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சமாகவும் இருந்தது. அது போதாது என்று 2017-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் விளைவாகவே 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 15 லட்சமாக உயர்த்தி, ஆண்டுக்கு 750 ரூபாய் பிரீமியம் என்று வைத்தது. பல வண்டிகள் உள்ளவர் ஒவ்வொன்றுக்கும் 750 கட்டுவதா என்ற கேள்வி எழவே, 2019 ஜனவரி முதல் இதைத் தனி பாலிசியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும், ஒரே பாலிசி அவருடைய எல்லா வண்டிகளுக்கும் போதும் என்றும் விதி வந்தது. மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் குறைந்தது 15 லட்சம் தரும் பொது விபத்துக் காப்பு ஏற்கெனவே இருந்தாலும் இது தேவையில்லை. இத்தனை ஆண்டுகளில் இந்த விதியை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஏஜென்டைக் கேட்டபோது, "சிஸ்டத்துல தானாவே சேர்ந்து வந்துடும் சார்" என்றார்.

பணம் போனதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மகன் விஷயம். பாலிசி என்பது வண்டிக்குத்தானே, யார் ஓட்டினால் என்ன என்றே நாம் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. முறையான ஓட்டுநர் உரிமம் உள்ள மகன் என் காரை ஓட்டி இடித்தால், அடிபட்ட மூன்றாம் நபருக்கும் காரின் சேதத்துக்கும் காப்பு உண்டு. ஆனால் இந்த 15 லட்சம், ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள, உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. அந்தக் காரை என்றும் ஓட்டாத எனக்கு அது உண்டு, ஓட்டுகிறவனுக்கு இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே ஒவ்வொரு காருக்கும் 'முதன்மை ஓட்டுநர் யார்' என்று கேட்டுத்தான் பிரீமியம் போடுகிறார்கள் என்றார். இளவயது மகன் ஓட்டும் காருக்குத் தந்தை பெயரைச் சொன்னால் அது மோசடியாகிவிடுமாம். இங்கே காரின் மதிப்பு, வயது, எஞ்சின் சி.சி., பதிவான ஊர் ஆகியவற்றை வைத்தே பிரீமியம் கணக்கிடுவதால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பிரீமியத்துக்காகக் கேட்க வேண்டாம். காப்பு உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவாவது கேட்கலாமே.

காரை மகன் பெயருக்கு மாற்றலாம்தான். ஆனால் கிளைம் வாங்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் காரோடு போகாது, உரிமையாளரோடுதான் நிற்கும். மாற்றினால் அவன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் பழைய காருக்குள் தண்ணீர் புகுந்து கிளைம் வாங்கியதில் அதன் போனஸ் போய்விட்டது. இரண்டாவது காரின் பாலிசியில் எனக்குள்ள போனஸ் தனிக் கணக்கு என்பதால் அப்படியே இருக்கிறது. அதை இழக்க மனமில்லை. 2022 ஜூலை முதல் ஒருவருடைய பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரே பாலிசி தரவும் ஆணையம் அனுமதித்திருக்கிறது. அதுவும் உரிமையாளரை வைத்துத்தான், மகனுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே காப்பீட்டு ஆணையத்துக்கும் நிறுவனங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். புதுப்பிக்கும் படிவத்தில், "இந்தக் காப்பு உங்களுக்கு வேறு வண்டியில் ஏற்கெனவே உள்ளதா?", "இந்தக் காரை வழக்கமாக ஓட்டுவது யார்?" என்ற இரண்டு கேள்விகளைத் தமிழிலேயே கேட்டு, பதில் வந்த பிறகே பிரீமியத்தைக் கணக்கிட வேண்டும். ஓட்டுபவர் வேறு ஒருவர் என்றால், இந்த 15 லட்சம் அவருக்குக் கிடைக்காது என்பதை அந்த இடத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும்.

என் மகனுக்குத் தனியாக விபத்துக் காப்பு பாலிசி எடுத்துவிட்டேன். அதில் நாமினி என் மருமகள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.