கணக்கு சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று விட்டுப்போன நன்றியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அம்மா. குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசில் வாங்கிப் போட வேண்டும். பேசிய கூலி வேறு, கைக்கு வரும் காசு வேறு என்பதை எம்.ஏ. வகுப்புக்கு முன்பே அந்த முறத்தில் பார்த்துவிட்டேன்.

வட ஆர்க்காடு பொருளாதாரக்காரர்கள் விடாமல் வந்துபோன மண். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் ஆராய வைத்த கிராமங்களில் நம் தூசி என்ற ஊரும் ஒன்று. 1973-74-இல் பசுமைப் புரட்சி இங்கே என்ன செய்தது என்று கேம்பிரிட்ஜிலிருந்து வந்து பார்த்தார்கள். அதையெல்லாம் படித்த மிதப்பில், கிணற்றுப் பாசனம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு ஆரணிப் பக்கம் போனேன்.

"எத்தனை கிணறுங்க?" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். "கெணறு ஒண்ணுதான் சார். அதுல எனக்கு அரைக்கால்."

தாத்தா வெட்டிய கிணறு. பாகம் பிரிந்து பிரிந்து இவருக்கு எட்டில் ஒரு பங்கு. எட்டு நாளைக்கு ஒருதரம் முறை. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போனால் அடுத்த முறைவரை பயிர் காய வேண்டியதுதான். வசதியுள்ள பங்காளி தனியாக போர் போட்டுக்கொண்டார், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. என் தாளிலோ 'கிணறு: உண்டு / இல்லை' என்று இரண்டே கட்டம்! அன்றிரவு கோயில் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் அடித்து எழுதினேன். அந்த அரைக்கால் இல்லாவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம் இல்லை.

முதலில் வேலை பார்த்த கல்லூரியில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் கும்பிடு.

பிறகு என் மாணவர்கள். பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் ஆலைக் (டேனரி) கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை, பெருமையாக நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டேனரியை மூடினா எங்கப்பா எங்க சார் போவாரு?" பதில் வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடத்தை அவள் கேள்வியில்தான் தொடங்கினேன்.

நன்றியுரையில் பெயர் போடட்டுமா என்று அரைக்கால் பெரியவரிடம் கேட்டிருந்தேன். "வாணாம் சார், அந்தக் கேள்வித்தாளுல என் கடனெல்லாம் இருக்குது" என்றார். கேள்வித்தாள்களைப் போன வாரம் துறை நூலகத்தில் கொடுத்துவிட்டேன், பெயர்கள்மேல் மை பூசி.

நன்றியுடன்,
உங்கள் பொருளாதார வாத்தியார்,
வேலூர்